மகளிர் மையத்தில் இன்டர்ன்ஷிப்: ஆர்வக் கோளாறில் நடக்கும் தவறுகள்

போன வருடம் எங்கள் பல்கலைக்கழக மகளிர் மையத்துக்கு இன்டர்ன்ஷிப் வந்த பி.ஏ. மாணவி ஒருவர், மூன்றாம் நாளே கேள்வித்தாளும் கையுமாகப் பக்கத்து ஊருக்குக் கிளம்பிவிட்டார். நானும் கூடப் போனேன். முதல் வீட்டில் "நீங்க என்ன வேலை பார்க்கிறீங்க?" என்று கேட்டார். "நான் சும்மா வீட்லதான் இருக்கேன் கண்ணு" என்று பதில் வந்தது. 'வேலை இல்லை' என்ற கட்டத்தில் டிக் விழுந்தது. பதில் சொன்ன அம்மாவின் இடுப்பில் பேரப்பிள்ளை. வலது கை முழங்கை வரைக்கும் தவிட்டுத் தண்ணீரில். மாட்டுக்குக் கரைத்துக்கொண்டே பேசினார்.

அங்கே நான் எதுவும் சொல்லவில்லை. பேருந்தில் திரும்பி வரும்போது அந்த டிக்கை மட்டும் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "எங்க அம்மாவும் இப்படித்தான் மேடம் சொல்லுவாங்க" என்றார்.

சில வருடங்களாக இன்டர்ன்களோடு அலைந்ததில் ஒரே மாதிரித் தவறுகள் திரும்பத் திரும்ப நடப்பதைப் பார்க்கிறேன். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை, ஆர்வக் கோளாறுதான். ஆனால் பிரிண்ட் எடுக்கும் வேலையில் தவறு செய்தால் பேப்பர்தான் வீண். இங்கே செய்தால் முன்பின் தெரியாத ஒரு பெண் தலையில் போய் விடியும்.

முதலில் அந்த 'சும்மா'வை முடித்துவிடுகிறேன். 2024ஆம் ஆண்டுக்கான இந்திய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டுவேலை செய்கிறவர்களில் பெண்கள் ஒரு நாளைக்கு 289 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 88 நிமிடம். "வேலை பார்க்கிறீங்களா?" என்று கேட்டிருந்தால் இந்த எண்கள் கிடைத்தே இருக்காது. முந்தின நாள் விடிகாலை 4 மணியில் தொடங்கி மறுநாள் 4 மணி வரை, அரைமணி அரைமணியாகக் கேட்டு எழுதினார்கள். நீங்களும் அப்படியே கேளுங்கள். "காலையில எத்தனை மணிக்கு எழுந்தீங்கம்மா? அப்புறம்?" இந்த 'அப்புறம்' போதும், மற்றதை அவர்களே சொல்லிவிடுவார்கள்.

களத்தில் இன்னும் இரண்டு தவறுகள். அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு கையில் நோட்டோடு போனாலே, "ஆயிரம் ரூபாய்க்கு எழுத வந்திருக்காங்க" என்று தெருவில் பேச்சு கிளம்பிவிடும். 2023 செப்டம்பரில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியதிலிருந்து இது வழக்கம். ரேஷன் கார்டு, ஆதார் நகல், பாஸ்புக் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வந்து நிற்பார்கள். "சரிங்கம்மா, மேல சொல்றேன்" என்று சொல்லிவிட்டு நழுவாதீர்கள். அவர் அடுத்த மாதம் வரை காத்திருப்பார். நாங்கள் படிக்கிற பிள்ளைகள், பணம் வாங்கித் தர எங்களால் முடியாது, விண்ணப்பம் இன்ன இடத்தில் கொடுக்க வேண்டும் என்று அங்கேயே சொல்லிவிட வேண்டும். ஆதார் நகலைக் கையில் வாங்கவே கூடாது.

இரண்டாவது தவறு, மாமியார் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போது மருமகளிடம் "வீட்ல அடிப்பாங்களா?" என்று கேட்பது. சிரிக்காதீர்கள், கேள்வித்தாளில் 14ஆவது கேள்வி அதுதான் என்பதற்காகவே கேட்டவர்கள் உண்டு. "அதெல்லாம் இல்லங்க" என்று பதில் வரும். நீங்கள் போன பிறகு அந்த வீட்டில் என்ன நடக்கும் என்பது நம் தாளில் வராது. தேசியக் குடும்பநல ஆய்வில் இந்தப் பகுதியை ஒரு வீட்டில் ஒரே ஒரு பெண்ணிடம்தான் கேட்பார்கள், அதுவும் தனிமை கிடைத்தால் மட்டும். அனுபவப்பட்ட ஆய்வாளர்களே அவ்வளவு ஜாக்கிரதையாக இருக்கும் இடத்தில், நான்கு வார இன்டர்ன் அந்தக் கேள்வியைத் தொடாமல் திரும்பி வந்தால் ஒரு குறையும் இல்லை.

சரி, களத்தை விடுங்கள். பெரிய தவறுகள் மையத்துக்குள்ளேதான் நடக்கின்றன.

ஒரு மதிய வேளை. இயக்குநர் கூட்டத்துக்குப் போயிருப்பார், ஆபீசில் இன்டர்ன் மட்டும் இருப்பார். ஒரு மாணவி வந்து நாற்காலியின் நுனியில் உட்காருவார். பையை மடியிலிருந்து இறக்கமாட்டார். "அக்கா, ஒரு விஷயம் சொல்லணும். யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்கல்ல?"

"சத்தியமா சொல்ல மாட்டேன்" என்று சொல்லிவிடுவீர்கள். நானும் அந்த வயதில் அப்படித்தான் சொன்னேன். அந்த ஒரு வாக்கில் இரண்டு சிக்கல் இருக்கிறது. வந்தவர் முதலாமாண்டாக இருந்தால் அவருக்குப் பதினெட்டு வயது நிறைந்திருக்காமல் போகலாம். பதினேழு வயதில் கல்லூரியில் சேருகிறவர்கள் எத்தனையோ பேர். அவருக்கு நடந்தது பாலியல் குற்றம் என்றால், பதினெட்டு வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கான போக்சோ சட்டம் வந்துவிடும். அதன் 19ஆவது பிரிவுப்படி விஷயம் தெரிந்த யாராக இருந்தாலும் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்காமல் விட்டால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். "நான் சும்மா இன்டர்ன்தானே" என்று அங்கே சொல்ல முடியாது. இரண்டாவது சிக்கல், வயது வந்தவராகவே இருந்தாலும் உங்களால் தனியாக ஒன்றும் செய்ய முடியாது. இயக்குநரிடமாவது சொல்லித்தான் ஆக வேண்டும். அப்போது சத்தியத்தை மீறினவராக அவர் முன்னால் நிற்பீர்கள்.

ஆகவே எங்கள் இன்டர்ன்களுக்கு முதல் நாளே ஒரு வாசகத்தை மனப்பாடம் செய்யச் சொல்லிவிடுவேன்: "ஊருக்கெல்லாம் சொல்ல மாட்டேன்மா. ஆனா உனக்கு உதவணும்னா மேடம்கிட்ட மட்டும் சொல்ல வேண்டி வரலாம். அது ஓகேன்னா பேசு, இல்லைன்னா மேடம் வர்ற வரைக்கும் இங்கேயே உட்காரு. டீ சொல்லட்டுமா?" இதைக் கேட்டு எழுந்து போனவர்கள் குறைவு.

அடுத்து விசாரணை அதிகாரியாக மாறுவது. "எத்தனை மணிக்கு? நீ ஏன் அங்க போன? மெசேஜ் இருக்கா, காட்டு." இது நம் வேலையே இல்லை. பலருக்குத் தெரியாத ஒன்று, மகளிர் மையம் வேறு, உள்ளகப் புகார்க் குழு வேறு. மையம் ஆய்வு, பயிற்சி, விழிப்புணர்வு என்று இயங்குகிற இடம். விசாரிக்கும் அதிகாரம், பணியிடத்தில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டமும் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2015 விதிமுறைகளும் சொல்லும் அந்தக் குழுவுக்கு மட்டுமே உண்டு. குழுவின் தலைவர் மூத்த பெண் ஆசிரியராக இருக்க வேண்டும். மாணவர்கள் சம்பந்தப்பட்ட புகார் என்றால், தேர்தல் மூலம் வந்த மூன்று மாணவப் பிரதிநிதிகளும் உட்கார வேண்டும். உங்கள் பல்கலைக்கழகத்தில் அந்த மூன்று பேர் யார் என்று போய்க் கேட்டுப் பாருங்கள். அதுவே நல்ல இன்டர்ன்ஷிப் பிராஜெக்ட்.

நீங்கள் சொல்ல வேண்டியது இரண்டு கணக்குதான். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும், பல தடவை நடந்திருந்தால் கடைசிச் சம்பவத்திலிருந்து மூன்று மாதம். தக்க காரணம் இருந்தால் குழு கால அவகாசம் நீட்டிக்கலாம். விசாரணையை 90 நாளில் முடிக்க வேண்டும். "பரீட்சை முடியட்டும், பார்த்துக்கலாம்" என்று ஆறுதல் சொல்லி அனுப்பிய ஒரு இன்டர்னை எனக்குத் தெரியும். பரீட்சை, லீவு, அடுத்த செமஸ்டர் என்று மூன்று மாதம் ஓடியே போய்விட்டது.

இதைவிட மோசமானது பஞ்சாயத்து. "அந்தப் பையன் என் ஃப்ரெண்டோட ஃப்ரெண்டுதான், நான் பேசிப் பார்க்கிறேன்" என்று கிளம்பிவிடுவது. சமரசத்துக்குச் சட்டத்தில் இடம் உண்டு, ஆனால் புகார் கொடுத்தவர் தானாகக் கேட்டால் மட்டும், அதுவும் குழுவின் வழியாக, பணம் கைமாறாமல். கேன்டீன் மேசையில் உட்கார்ந்து பேசி முடிப்பதற்குப் பெயர் சமரசம் கிடையாது. எதிராளிக்கு முன்கூட்டியே தகவல் கொடுத்ததாகத்தான் ஆகும். அவன் முதலில் போனிலிருக்கும் மெசேஜ்களை அழிப்பான்.

அப்புறம் வாட்ஸ்அப். "பேரைச் சொல்லலையே மேடம், பொதுவாத்தான் எழுதினேன்" என்பார்கள். எழுதியது என்ன? "இன்னைக்கு ஒரு கேஸ், கெமிஸ்ட்ரி செகண்ட் இயர், ஹாஸ்டல், ஈரோட்டுப் பொண்ணு, பாவம்." அந்த வகுப்பில் ஈரோட்டிலிருந்து வந்து ஹாஸ்டலில் இருப்பவர் ஒரே ஒருவர்தான். புகாரின் விவரத்தையும், புகார் கொடுத்தவர், எதிர்த்தரப்பு, சாட்சி ஆகியோரின் அடையாளத்தையும் வெளியிடக் கூடாது என்று 2013 சட்டத்தின் 16ஆவது பிரிவு சொல்கிறது. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவிமேல் நடந்த பாலியல் வன்முறை வழக்கில், அவர் விவரத்தோடு முதல் தகவல் அறிக்கையே வெளியே கசிந்தது நினைவிருக்கும். சென்னை உயர் நீதிமன்றம் அவருக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு கொடுக்கும்படி அரசுக்கு உத்தரவிட்டது. இன்டர்ன்ஷிப் டைரியிலும் இதே எச்சரிக்கை வேண்டும். "மாணவி ஒருவரோடு உரையாடினேன், இயக்குநரிடம் அனுப்பினேன்." அவ்வளவு எழுதினால் மதிப்பெண் குறையாது.

மார்ச் 8 வந்தால் ஒரு தனிக் கூத்து. இன்டர்ன்கள் முதலில் கொண்டுவரும் பட்டியல்: கோலப்போட்டி, மெஹந்தி, அடுப்பில்லாச் சமையல். கோலத்தின் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை, நானே நன்றாகப் போடுவேன். ஆனால் அதைச் செய்யத் தனியாக ஒரு மையம் எதற்கு? ஒரு வருடம் இரண்டு பேர் வேறு ஒன்று செய்தார்கள். பெண்கள் விடுதியின் கேட் அடைக்கும் நேரம், ஆண்கள் விடுதியின் நேரம், நூலகம் மூடும் நேரம் மூன்றையும் ஒரே சார்ட்டில் எழுதி நூலக வாசலில் ஒட்டினார்கள். நூலகம் எட்டு மணி வரை, பெண்கள் விடுதி ஆறரை வரை. அதன் கீழே, பாதுகாப்பைக் காரணம் காட்டிப் பெண்கள் விடுதிக்கு மட்டும் பாரபட்சமான விதி வைக்கக் கூடாது என்று 2015 யுஜிசி விதிமுறைகள் சொல்வதையும் எழுதியிருந்தார்கள். சார்ட்டை மறுநாள் யாரோ கிழித்துவிட்டார்கள். அதற்குள் ஆளாளுக்குப் போட்டோ எடுத்துவிட்டிருந்தார்கள்.

விழா மேடையையும் பாருங்கள். கருத்தரங்கத் தலைப்பு 'பாலினச் சமத்துவம்'. வாசலில் பட்டுப்புடவை கட்டி, சந்தனம், கல்கண்டு, பன்னீர்ச் செம்போடு நிற்பவர்கள் நான்கு பெண் இன்டர்ன்கள். மைக், புரொஜெக்டர், மேடை ஏற்பாடு ஆண் இன்டர்ன்களிடம். யாரும் பிரித்துக் கொடுத்ததில்லை, அதுவாகவே அப்படி அமைந்துவிடும். அந்த 'அதுவாகவே'யைப் பற்றித்தான் உள்ளே சிறப்புரை நடந்துகொண்டிருக்கும். பன்னீர்ச் செம்பைப் பையன் கையில் கொடுத்துப் பாருங்கள், அவனும் நன்றாகத்தான் தெளிக்கிறான்.

போஸ்டர் எழுதும்போது 'அவளும் ஒருவரின் தங்கைதான்' வகை வாசகங்களை விட்டுவிடலாம். யாருக்கும் தங்கையாக இல்லாத பெண்ணை மட்டும் என்ன செய்வதாக உத்தேசம்? படிவத்தில் ஆண், பெண் என்று இரண்டு கட்டத்தோடு நிறுத்துவதும் இதே கவனக் குறைவுதான். மூன்றாம் பாலினத்தை உச்ச நீதிமன்றம் அங்கீகரித்தது 2014இல். திருநங்கை, திருநம்பி என்ற சொற்கள் தமிழில் புழக்கத்துக்கு வந்தும் நாளாகிவிட்டது. 181 மகளிர் உதவி எண்ணைப் போஸ்டரில் போடுவதென்றால், அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒரு தடவை அடித்துப் பாருங்கள். ஒரு எண் மாறிப்போய் ஐநூறு நோட்டீஸ் வீணான கதையும் எங்களிடம் உண்டு.

எல்லாரும் மறப்பது தங்களைத்தான். அந்த 2013 சட்டத்துக்கு வித்திட்ட பன்வாரி தேவி ராஜஸ்தானில் ஒரு களப்பணியாளர். 1992இல் ஒரு குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போனதற்காகத்தான் அவர்மேல் கூட்டுப் பாலியல் வன்முறை நடந்தது. களத்துக்குப் போகும் பெண்ணின் பாதுகாப்புக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி அதிலிருந்து எழுந்து, 1997இல் பணியிடப் பாலியல் தொல்லை பற்றிய உச்ச நீதிமன்றத்தின் விசாகா தீர்ப்பாக வந்தது. 2013 சட்டத்தில் 'ஊழியர்' என்ற சொல் பயிற்சிக்கு வந்தவரையும் சேர்த்துத்தான். களத்தில் யாராவது தொந்தரவு கொடுத்தாலும், மையத்தில் இருப்பவரே கொடுத்தாலும், நீங்களும் புகார் கொடுக்கலாம். "சர்டிபிகேட் போயிடுமே" என்று பொறுத்துப் போகிறவர்களை நினைத்தால்தான் எனக்கு ஆற்றாமையாக இருக்கும். தனியாகப் போகாதீர்கள், கடைசிப் பேருந்தை நம்பி உட்காராதீர்கள், எந்தத் தெருவில் இருக்கிறீர்கள் என்பது மையத்தில் ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும்.

கடைசி நாள் எல்லாரும் கேக் வெட்டி, குரூப் போட்டோ எடுத்து, சர்டிபிகேட் வாங்க என் மேசைக்கு வருவார்கள். கையெழுத்துப் போடும் முன் போனை எடுக்கச் சொல்வேன். களத்தில் எடுத்த படங்கள், அந்த அம்மாக்களின் நம்பர்கள், கூகுள் டிரைவில் கிடக்கும் கேள்வித்தாள்கள் எல்லாம் என் கண் முன்னால் அழிய வேண்டும். "அழிச்சாச்சு மேடம்" என்பார்கள். "டிராஷ் ஃபோல்டரையும் திற" என்பேன். அங்கே எல்லாம் அப்படியே இருக்கும்.