நகரமெங்கும் ஒரு சேவை நாள்: சபைகள் கூடும்போது சறுக்கும் இடங்கள்

1919ல் தரங்கம்பாடியில் தொடங்கிய, சபைகளை ஒன்றாக்கும் பேச்சு, 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபையாக உருவெடுத்தது. 28 ஆண்டுகள் ஆயின. அப்போதும் கத்தோலிக்கர், லுத்தரன்கள், பெந்தெகோஸ்தேயினர் எல்லாம் வெளியேதான் நின்றார்கள். அப்படிப்பட்ட சபைகள் ஒரு நாளாவது ஒரே தெருவில் துடைப்பத்தோடு நிற்பது எனக்குப் பெரிய காரியம். சென்னையில் அப்படிச் சில சேவை நாட்களில் ஓடியாடி வேலை செய்திருக்கிறேன். அதில் கண்ட தவறுகளைச் சொல்கிறேன்.

முதல் தவறு, கேட்காமல் போய் நிற்பது. ஒரு அரசுப் பள்ளிக்கு வண்ணம் அடிப்பது என்று நாங்களே முடிவு செய்து, பெயிண்ட் டப்பாக்களோடு தலைமையாசிரியை முன் நின்றோம். அவர் எங்களை மாணவிகளின் கழிப்பறைக்கு அழைத்துப்போய் ஒரு கதவைத் தொட்டுக் காட்டினார். தாழ்ப்பாள் இருந்த இடத்தில் இரண்டு ஆணித் துளைகள்தான் இருந்தன. ஒரு பிள்ளை உள்ளே போனால் இன்னொரு பிள்ளை வெளியே நின்று கதவை இழுத்துப் பிடித்துக்கொள்ளுமாம். நாங்கள் வாங்கிய பெயிண்ட் விலையில் அங்கிருந்த எல்லாக் கதவுகளுக்கும் தாழ்ப்பாள் போட்டு மீதமும் பிடித்திருக்கலாம்.

தேதியில் பலர் கோட்டை விடுகிறார்கள். ஞாயிறு ஆராதனை நாள், பெரும்பாலான சபைகளுக்கு ஒத்துவராது. சனிக்கிழமை வைத்தால் செவன்த்டே சபையாருக்கு அது ஓய்வுநாள். அக்டோபர் 2 நல்ல தேதி. அரசு விடுமுறை, வடகிழக்குப் பருவமழைக்கும் சற்று முந்தைய நாள். ஆனால் விடுமுறை என்பதால் பள்ளிச் சாவி யாரிடம், குப்பை லாரி வருமா என்பதை எல்லாம் முன்பே பேசி வைக்க வேண்டும்.

இந்த லாரி விஷயத்தை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு வருடம் தெருமுனையில் மூட்டை மூட்டையாகக் கட்டி வைத்துவிட்டு, குழுப்படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டோம். இரவில் நாய்கள் கிழித்துப்போட்டன. மறுநாள் காலை தூய்மைப் பணியாளர் அக்கா ஒருவர் சொன்னார்: "நீங்க ஒரு தடவ வாருனீங்க, நாங்க ரெண்டாவது தடவ வாருறோம்." வார்டு துப்புரவு ஆய்வாளரிடம் வண்டி நேரத்தை உறுதி செய்யாமல் ஒரு சாக்குகூட வாங்காதீர்கள். கழிவுநீர்க் கால்வாயிலோ மேன்ஹோலிலோ எந்த வாலிபப் பிள்ளையையும் இறக்காதீர்கள். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் மனிதரை அந்த வேலையில் இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. ஆர்வத்தில் தானாக இறங்கினாலும் விஷவாயு விடாது. தேங்கிய நீரில் வெறுங்காலோடு நின்றால் எலிக்காய்ச்சல் ஆபத்தும் உண்டு.

எனக்கு அதிகம் வலித்தது வேலைப் பங்கீடு. பட்டியலைப் பார்த்தால் நகர நடுவிலுள்ள பெரிய சபைக்குச் சாப்பாடு பரிமாறும் மேசையும் மருத்துவ முகாம் பதிவும் போயிருக்கும். குடிசைப் பகுதியிலிருந்து வரும் சின்னச் சபைக்கு வாருகோல். யாரும் திட்டமிட்டுச் செய்திருக்க மாட்டார்கள். ஆனாலும் வாரம் முழுக்க குப்பையோடு மல்லுக்கட்டுகிறவர்கள் கையில் சேவை நாளிலும் துடைப்பத்தைத் திணிப்பது சாதி போட்டுவைத்த தடத்திலேயே நடப்பதுதான். சபை வாரியாகக் குழு பிரிக்காதீர்கள். பெயர்களைக் கலந்து சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். மருத்துவர் துடைப்பம் பிடிக்கட்டும். சின்னச் சபை வாலிபன் பதிவு மேசையில் உட்காரட்டும்.

ரத்ததான முகாம் இருந்தால் போதகர்கள் முந்தின நாளே ஒன்றைச் சொல்ல வேண்டும்: உபவாசத்தோடு வராதீர்கள். ஜெப நாள் என்று வெறும் வயிற்றில் வந்து மயங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். வயது 18 நிரம்பியிருக்க வேண்டும், எடை 45 கிலோவுக்குக் குறையக் கூடாது, ஹீமோகுளோபின் 12.5 வேண்டும். முந்தைய தானத்துக்குப் பிறகு ஆண்களுக்கு 90 நாள், பெண்களுக்கு 120 நாள் இடைவெளி அவசியம்.

பேனரில் எந்த ஆயர் பெயர் முதலில் என்ற சண்டைக்குச் சுலபமான வழி, பெயரே போடாமல் விடுவது. தொடக்க ஜெபத்தையும் முன்பே பேசி வையுங்கள். ஒருமுறை இயேசு கற்பித்த ஜெபத்தைப் பாதிப்பேர் புராட்டஸ்டண்ட் வழக்கப்படி "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" என்றும், பாதிப்பேர் கத்தோலிக்க வழக்கப்படி "விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே" என்றும் தொடங்கி, நடுவில் எல்லாரும் நின்றுவிட்டோம். அதன்பின் ஒரு நிமிட மௌன ஜெபத்தோடு தொடங்குகிறோம். அந்த அமைதி எனக்குப் பிடித்திருக்கிறது.

சாப்பாட்டுப் பொட்டலத்தோடு சுவிசேஷக் கைப்பிரதி வைக்காதீர்கள். நானும் விசுவாசிதான், சுவிசேஷத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. பசித்தவர் கை நீட்டும் நேரத்தில் கைப்பிரதியையும் சேர்த்துக் கொடுத்தால், அந்தச் சோற்றுக்கு விலை வைத்ததாகிவிடும். வாங்குகிறவர் முகத்தைப் படம் பிடிப்பதும் அப்படித்தான்.

2008ல் அமெரிக்காவின் போர்ட்லண்டில் சுவிசேஷகர் லூயிஸ் பலாவின் ஊழியக் குழுவும் சபைகளும் மாநகரத் தலைவர்களிடம் போய், நகருக்கு என்ன தேவை என்று கேட்டு வேலையைத் தொடங்கினார்கள். ரூஸ்வெல்ட் உயர்நிலைப் பள்ளியைச் சுத்தம் செய்யப்போன ஒரு சபை அந்த ஒரு நாளோடு நிற்காமல், பிறகும் பல ஆண்டுகள் அந்தப் பள்ளியோடேயே இருந்தது.

இப்போது எங்கள் முதல் திட்டக் கூட்டத்தில் ஒரு தாள் சுற்றி வருகிறது. நவம்பரில் எந்த நாள், வேலை செய்த பள்ளிக்குத் திரும்பப் போவீர்கள் என்று அதில் எழுதிவிட்டுத்தான் அக்டோபர் 2க்குப் பெயர் கொடுக்க முடியும்.