குமுளிக்கு வயரிங் வேலைக்குப் போகும் தம்பிகளுக்கு

ஐடிஐ-யில் 2 வருட எலக்ட்ரீஷியன் படிப்பு முடித்துவிட்டு, கம்பத்திலிருந்து மலையேறிக் குமுளியில் தனியாக வேலை பிடிக்கப் போகிறீர்களா? அந்தச் சான்றிதழ் மட்டும் போதாது. மின்சார உரிமங்களை மாநில அரசுதான் தருகிறது. அதனால் தமிழ்நாட்டு வயர்மேன் சான்று கையில் இருந்தாலும், கேரளத்தில் அது செல்லுமா என்று அங்குள்ள எலக்ட்ரிக்கல் இன்ஸ்பெக்டரேட்டில் (அரசின் மின் ஆய்வுத் துறை) முதலில் கேளுங்கள். அட்வான்ஸ் வாங்குவதெல்லாம் அப்புறம்.

பழைய ஃபேன், ஸ்விட்ச், பல்பு மாற்றுவதற்கு இந்தக் கெடுபிடி இல்லை. புது வயரிங் என்றால் உரிமம் பெற்ற கான்ட்ராக்டர் எடுக்க வேண்டும், தகுதிச் சான்றுள்ள சூப்பர்வைசர் நேரடியாக மேற்பார்க்க வேண்டும், வயரிங் செய்ய மாநில அரசு தரும் பர்மிட் உள்ளவர் செய்ய வேண்டும். பர்மிட் மட்டும் இருக்கிறதா? சரி, அப்படிப்பட்ட கான்ட்ராக்டர் ஒருவரிடம் சேர்ந்து தொடங்குவதே நல்லது.