வாழை முடிக்கொத்து வைரஸுக்குச் சொந்தமாக எலிசா தயாரிப்பது எப்படி?

மீஞ்சூர், செங்குன்றம் பக்கம் பக்கக்கன்று வாங்கி நடுபவருக்கு, அதில் முடிக்கொத்து வைரஸ் இருப்பது கண்ணுக்குத் தெரியாது. காம்பில் கரும்பச்சைக் கோடும் புள்ளியும் தெரிவதற்குள் அசுவினி அதைப் பக்கத்து மரத்துக்கும் கொண்டுபோயிருக்கக்கூடும். எலிசா என்பது தட்டின் குழிகளில் பூசிய ஆன்டிபாடியால் வைரஸைப் பிடித்து, நொதி கோர்த்த இன்னொரு ஆன்டிபாடியால் அதை மஞ்சள் நிறமாகக் காட்டும் சோதனை; மாதவரத்தில் ஒரு சின்ன ஆய்வகத்திலேயே செய்யலாம்.

ஆன்டிஜனில், அதாவது ஆன்டிபாடி உண்டாக்க முயலுக்குச் செலுத்தும் வைரஸ் புரதத்தில், கவனமாக இருங்கள். பாதித் தோல்வி இங்கேதான். இந்த வைரஸ் மரத்துக்குள் உணவைக் கடத்தும் புளோயம் திசுவில் மட்டும், அதுவும் குறைவாக இருப்பதால், மரத்திலிருந்து பிரித்தெடுப்பது பெரும்பாடு. வைரஸை மூடியிருக்கும் உறைப்புரதத்தை ஈ. கோலை பாக்டீரியாவில் உற்பத்தி செய்வதே எளிது. ஆனால் 8 மோலார் யூரியாவில் கரைத்து எடுத்தால் புரதத்தின் மடிப்பு அவிழ்ந்துவிடும். அதற்கு உண்டாகும் ஆன்டிபாடி மடிப்பு அவிழ்ந்த புரதத்தைப் பார்க்கும் வெஸ்டர்ன் பிளாட் சோதனையில் பளிச்சென்று தெரியும். ஆனால் முழு வைரஸைச் சரியாகப் பிடிக்காமல் போகலாம். அதனால் 18 டிகிரியில் இரவு முழுக்க மெதுவாக வளர்த்து, கரையும் புரதமாகவே எடுக்கப் பாருங்கள். முயலுக்கு ஊசி போட விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி கட்டாயம்.

முயலின் ரத்தத்திலிருந்து சீரம் வந்ததும் தட்டில் ஊற்றிவிடாதீர்கள். நோயில்லாத வாழைச்சாறு, வெறும் ஈ. கோலைச் சாறு இரண்டையும் அதில் கலந்து 37 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து, சுழற்றித் தெளிவை எடுங்கள். வேண்டாத ஆன்டிபாடிகள் அடியில் தங்கும். பிறகு ஆன்டிபாடியைப் பிடித்துவைக்கும் புரோட்டீன் ஏ பத்தியில் (வடிகுழாயில்) ஐஜிஜி என்ற ஆன்டிபாடியைப் பிரித்தெடுங்கள். இந்த வரிசை மாறினால் சாற்றுப் புரதம் கூடவே ஒட்டிக்கொள்ளும்.

அளவுகளைக் கட்டம் போட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள். குழியில் பூசும் ஐஜிஜிக்கு மில்லிக்கு 0.5, 1, 2, 4 மைக்ரோகிராம். அல்கலைன் பாஸ்பேட்டேஸ் நொதி கோர்த்த ஆன்டிபாடிக்கு 500 மடங்கிலிருந்து 4000 மடங்கு வரை நீர்த்தல். அதிக மஞ்சள் எது என்று பார்க்காதீர்கள். நோய்ச்சாறு ஊற்றிய குழிக்கும் நோயில்லாத சாறு ஊற்றிய குழிக்கும் வித்தியாசம் எங்கே பெரிதோ அதுதான் அளவு.

குழிக்கு 100 மைக்ரோலிட்டர் பூச்சு, பி.எச். 9.6 கார்பனேட் பஃபரில் (காரத்தன்மை மாறாமல் வைக்கும் கரைசலில்), 4 டிகிரியில் இரவு முழுக்க. லிட்டருக்கு 1.59 கிராம் சோடியம் கார்பனேட், 2.93 கிராம் பைகார்பனேட். கடல்நீர் புகுந்த மீஞ்சூர் நிலத்தடி நீரோ போர் தண்ணீரோ இதற்கு ஆகவே ஆகாது; கால்சியம் சேர்ந்து பஃபர் சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி வெளுக்கும். வாலை வடித்த நீர்தான்.

மாதிரிக்கு இளம் இலையின் நடுநரம்பு, ஒரு கிராமுக்கு 10 மில்லி. 2 சதவீதம் பிவிபி (சாறு கறுக்காமல் காக்கும் பொருள்) சேர்த்த பஃபரில், ஐஸ் மேல் வைத்து அரைத்து, பூச்சு முடிந்த குழிகளில் அந்தச் சாற்றை ஊற்றுங்கள். பிவிபி இல்லாவிட்டால் வாழைப்பால் கறுத்துப் பின்னணி ஏறும். ஒவ்வொரு கட்டத்துக்கும் நடுவில் 0.05 சதவீத ட்வீன் (சோப்பு போன்ற பொருள்) கலந்த பாஸ்பேட் உப்புப் பஃபரால் மூன்று முறை, தலா மூன்று நிமிடம் கழுவி, தட்டைக் கவிழ்த்துத் துணியில் தட்டுங்கள். கடைசிக் கழுவலில் பஃபர் தேங்கினால் அதிலுள்ள பாஸ்பேட், நொதியை அடக்கி நிறத்தைக் குறைக்கும்.

நொதி ஆன்டிபாடியை 37 டிகிரியில் நான்கு மணி நேரம் வையுங்கள். தட்டை ஈரத் துணி விரித்த மூடிய டப்பாவில் வையுங்கள், இல்லையென்றால் ஓரக்குழிகள் காய்ந்து பொய்யாக நிறம் காட்டும். பிறகு நொதி பட்டால் மஞ்சளாகும் பிஎன்பிபி கரைசலை மில்லிக்கு 1 மில்லிகிராம் அளவில் ஊற்றி, இருட்டில் அரை மணி முதல் ஒரு மணி நேரம் வைத்து தட்டு படிக்கும் கருவியில் 405 நானோமீட்டரில் நிறத்தை அளவிடுங்கள்.

ஒப்பிடுவதற்கான நோயில்லாத மாதிரிக்கு, வலைக்கூண்டில் வளர்த்த திசு வளர்ப்புக் கன்றே நல்லது, அதுவும் அதே ரகமாக. அதன் சராசரியைப் போல இரண்டு மடங்குக்கு மேலே போனால் நோய் எனக் கொள்ளலாம். எல்லைக்கோட்டில் நிற்கும் கன்றில் இன்னும் இரண்டு இலை விரிந்த பிறகு மறுபடி எடுத்து, வைரஸின் டிஎன்ஏவைத் தேடும் பிசிஆர் சோதனையிலும் பார்த்துவிடுங்கள்.