பழைய செவர்லே லாரி கேபின்: துருப்பிடித்த தகட்டு இணைப்பைச் சரிசெய்வது எப்படி?

1947 முதல் 1955 தொடக்கம் வரை வந்த செவர்லே அட்வான்ஸ் டிசைன் கேபினை வைத்து இதை எழுதுகிறேன். இதில் துரு பெரும்பாலும் இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து ஸ்பாட் வெல்டு (புள்ளி புள்ளியாக உருக்கி ஒட்டுவது) ஆன இடத்தில்தான் தொடங்கும்: கதவுக்கு மேலே மழைநீர் வடியும் விளிம்பு, கேபினின் பின்மூலைகள், தரைத் தகட்டின் ஓரம். வெல்டு செய்த பிறகே பெயின்ட் அடித்ததால் சந்துக்குள் பெயின்ட் போகவில்லை. தண்ணீர் மட்டும் போனது.

முதலில் பெட்ரோல் டேங்க். 1949 முதல் வந்த பிக்கப்களில் அது சீட்டுக்குப் பின்னால், கேபினுக்குள்ளேயே இருக்கும். அதைக் கழற்றி தூரமாக வைத்துவிட்டு, பேட்டரி இணைப்பையும் எடுத்த பிறகுதான் கிரைண்டரைத் தொட வேண்டும்.

சந்தை அடைக்கப் பூசியிருக்கும் பழைய சீலரை ஹீட் கன்னால் சூடாக்கிச் சுரண்டுங்கள். மிச்சத்துக்குக் கம்பி பிரஷ் போதும். கிரைண்டரில் கல் போட்டுத் தேய்த்தால் நல்ல தகடும் மெலிந்துபோகும், வேண்டாம். அப்புறம் ஸ்க்ரூடிரைவர் முனையால் குத்திப் பாருங்கள். உள்ளே போகிற இடத்தை வெட்டிவிட்டு, அதே தடிமனில் புதுத் தகடு வைக்க வேண்டும்.

எனக்குப் பிடிபட ரொம்ப நாள் ஆனது அடுத்த கட்டம். இணைப்பு லேசாக உப்பியிருக்கும், ஓட்டை இருக்காது. துரு நீக்கும் பாஸ்பாரிக் அமிலத்தை ஊற்றி மேலே பட்டி பார்த்துவிடலாம் என்று தோன்றும். செய்யாதீர்கள். சந்துக்குள் போன அமிலத்தை முழுசாகக் கழுவி எடுக்க வழியே இல்லை. அது தங்கிவிட்டால் எபாக்ஸி பிரைமர் (பெயின்டுக்கு அடியில் பூசும் முதல் பூச்சு) பிடிக்காது, ஓரத்தில் கொப்பளித்துக்கொண்டு வரும். தகட்டை உப்ப வைப்பதே உள்ளே இருக்கும் துருதான். அது இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அதனால் இணைப்பைப் பிரித்தே ஆக வேண்டும். ஸ்பாட் வெல்டு கட்டரால் மேல் தகட்டை மட்டும் துளையுங்கள், அடித்தகடு தப்பட்டும். பிரித்ததும் இரண்டு முகத்தையும் பளிச்சென்று சுத்தம் செய்து, வெல்டிங்கைத் தாங்கும் ஜிங்க் பிரைமர் அடித்து, திரும்பச் சேர்த்து இறுக்கமாக கிளாம்ப் போடுங்கள்.

அதே துளைகள் வழியாக மிக் வெல்டரால் (கம்பியை உருக்கி ஒட்டும் கருவி) நிரப்ப வேண்டும். 0.6 மி.மீ. கம்பிதான் என் தேர்வு. ஒரு துளை இங்கே, அடுத்தது தள்ளி என்று மாற்றி மாற்றி வைத்தால் தகடு நெளியாது. ஜிங்க் புகை கெடுதல். மாஸ்க் கட்டாயம், காற்றோட்டமும் வேண்டும்.

வெல்டைச் சமன் செய்ததும் எபாக்ஸி பிரைமர். டப்பாவில் சொன்ன அளவுக்குத் தின்னர் சேர்த்து இளக்கினால் சந்து தானாகவே உறிஞ்சிக்கொள்ளும். அது காய்ந்த பிறகு, அதன் மேல்தான் பாலியூரித்தேன் சீம் சீலர். வெறும் இரும்பில் வேண்டாம். கடைசிப் பெயின்ட் முடிந்ததும் உள்பக்கத்திலிருந்து மெழுகு ஸ்ப்ரே அடித்துவிடுங்கள்.

பின்சேர்க்கை: குளியலறைக்கு வாங்கிய சிலிக்கோன் மிச்சம் இருக்கிறது, அதைப் பூசலாமா என்று சிலர் கேட்டார்கள். வினிகர் வாடை வருகிற சிலிக்கோன் காயும்போது அசிட்டிக் அமிலம் விடும், இரும்பை அரிக்கும். மேலே பெயின்டும் ஒட்டாது. இன்னொருவர் கதவின் அடி விளிம்பு முழுவதையும் சீலரால் அடைத்துவிட்டிருந்தார். அங்கே தண்ணீர் வடியும் துளைகள் உண்டு. ஒரு கம்பியை விட்டு அவற்றைத் திறந்துவிடுங்கள்.