கோபம் என்று எழுதாமல் மனத்தைக் குறித்து வைப்பது எப்படி

சிங்கப்பூரில் உட்லண்ட்ஸ் வட்டாரத்தில் பேருந்து ஓட்டுகிறேன். பத்தொன்பது வருடமாகிறது. என் சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன நோட்டு இருக்கும். ஒரு நடை முடிந்து, அடுத்த நடைக்காக முனையத்தில் நிற்கும் ஏழெட்டு நிமிடத்தில் அதில் மூன்று வரி எழுதுவேன். 2018இல் தொடங்கியது. இப்போது பதினேழாவது நோட்டு ஓடுகிறது. அந்த மூன்று வரியை எப்படி எழுதுவது, எழுதியதை வைத்து என்ன செய்வது என்று சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் அலுவலகத்தில் இருந்தாலும் சரி, வீட்டில் பிள்ளை வளர்த்தாலும் சரி, இது உதவும்.

எப்படித் தொடங்கியது என்பதை முதலில் சொல்ல வேண்டும். ஒரு மழை நாள் மாலை, ஒரு பயணி நிறுத்தத்தைத் தாண்டிய பிறகு மணியை அழுத்தினார். நிறுத்தம் இல்லாத இடத்தில் கதவைத் திறக்க எனக்கு அனுமதி இல்லை. அடுத்த நிறுத்தத்தில் இறக்கிவிட்டேன். அவர் முன்னால் வந்து, பேருந்து முழுக்கக் கேட்கும்படி, கண் தெரியாத கிழவனெல்லாம் வீட்டில் இருக்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் கத்தினார். கைப்பேசியில் என் முகத்தைப் படம் எடுத்தார். எனக்கு அப்போது வயது 46. ஒரு வார்த்தை பேசாமல் வண்டியை எடுத்தேன். அதைப் பொறுமை என்று நினைத்துக்கொண்டேன். இரவு வீட்டில், உயர்நிலை மூன்று படித்துக்கொண்டிருந்த என் மகள் சாப்பிட்ட தட்டை மேசையிலேயே விட்டுவிட்டு எழுந்து போனாள். நான் அந்தத் தட்டை எடுத்துச் சுவரில் வீசினேன். மெலமைன் தட்டு, உடையவில்லை. மகள் பதினோரு நாள் என்னிடம் பேசவில்லை.

எங்கள் புளோக்கில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். காலையில் கீழ்த்தளத்துக் கல்மேசையில் தமிழ் முரசு படித்துக்கொண்டிருப்பார். அவரிடம் போய், "சார், கோபத்தைக் குறைக்க ஏதாவது வழி சொல்லுங்கள்" என்று கேட்டேன். "முதலில் அது கோபம்தானா என்று பாருங்கள், தம்பி" என்றார். அப்புறம் செய்தித்தாளின் ஓரத்தில் எட்டுச் சொல்லை எழுதிக் கிழித்துக் கொடுத்தார்.

நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை.

தொல்காப்பியத்தில் மெய்ப்பாட்டியல் என்றொரு பகுதி இருக்கிறது. அதில் வரும் எட்டு இவை. நகை என்றால் சிரிப்பு, மருட்கை என்றால் வியப்பு, உவகை என்றால் மகிழ்ச்சி. மனத்தில் எழுவது மெய்யில், அதாவது உடம்பில் தெரிவதால் மெய்ப்பாடு. ஒவ்வொன்றும் எதனால் பிறக்கிறது என்று நான்கு நான்கு காரணமும் அங்கே சொல்லப்பட்டிருக்கிறது. நான் மலேசியாவில் குளுவாங் தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்புவரை தமிழ் படித்தவன். இப்படி ஒரு பட்டியல் நம்மிடம் இருப்பதே எனக்குத் தெரியாது.

அவர் வெகுளியில் இருந்து தொடங்கினார். வெகுளி என்றால் கோபம். அதன் நான்கு காரணங்கள்: உறுப்பறை, குடிகோள், அலை, கொலை. உடல் உறுப்பைச் சிதைத்தல், குடும்பத்துக்கும் சுற்றத்துக்கும் கேடு செய்தல், அடித்தும் ஏசியும் வருத்துதல், கொல்லத் துணிதல். "அந்தப் பயணி கத்தினாரே, அது 'அலை'யில் சேரும். அங்கே உங்களுக்கு வெகுளி வந்திருந்தால் நியாயம் உண்டு. மகள் இந்த நான்கில் எதைச் செய்தாள்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அடுத்து இளிவரலைக் காட்டினார். நம்மை நாமே தாழ்வாக, இழிவாக உணர்வது. அதற்குக் காரணம் மூப்பு, பிணி, வருத்தம், மென்மை. மென்மை என்பதற்கு இங்கே எளிய நிலை என்று விளக்கம் சொன்னார். கிழவன் என்ற ஒரு சொல் எனக்குள் எங்கே போய் உட்கார்ந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. நான் வீட்டுக்குச் சுமந்து வந்தது இளிவரல். கையில் இருந்தது கோபம் என்ற ஒரே பெயர். அந்தப் பெயருக்கு ஏற்றபடி தட்டு பறந்தது.

இனி முறைக்கு வருகிறேன். மூன்று வரி என்றேன் அல்லவா, முதல் வரி உடம்பு. வண்டி ஓட்டும்போது எழுத முடியாது, எழுதவும் கூடாது. ஆனால் சிவப்பு விளக்கில் நிற்கும்போது உடம்பைப் பார்க்க முடியும். எனக்கு இடது தாடை இறுகும், காது மடல் சுடும், ஸ்டியரிங்கைப் பிடித்த விரல் மூட்டு வெளுத்துப்போகும். உங்களுக்கு வேறாக இருக்கும். வயிறு பிசையலாம், தொண்டை அடைக்கலாம். ஒரு வாரம் இதை மட்டும் எழுதிப் பாருங்கள். மனத்துக்கு முன்பே உடம்புக்குத் தெரிந்துவிடுகிறது என்பதைப் பார்ப்பீர்கள். தெரிந்தவுடன் நான் செய்வது ஒன்றுதான்: விரல்களைத் தளர்த்தி, மூச்சை உள்ளே இழுத்ததைவிட நீளமாக வெளியே விடுவேன். வெளியே விடும்போது இதயத் துடிப்பு சற்றுக் குறைகிறது. அதனால்தான் அந்தப் பகுதியை நீட்ட வேண்டும். நான்கைந்து மூச்சு போதும், பச்சை விழுந்துவிடும்.

இரண்டாவது வரி கேமரா. பேருந்துக்குள் கேமராக்கள் இருக்கின்றன. அவை எதைப் பதிந்திருக்குமோ அதை மட்டும் எழுத வேண்டும். "அந்த ஆள் வேண்டுமென்றே என்னை அவமானப்படுத்தினான்" என்பதைக் கேமரா பதியாது. "நீலச் சட்டைக்காரர் பயண அட்டையைத் தட்டாமல் உள்ளே போனார், கூப்பிட்டேன், திரும்பிப் பார்க்கவில்லை." இவ்வளவுதான் அதற்குத் தெரியும். இந்த வரிதான் மிகவும் கடினம். முதல் இரண்டு மாதம் நான் எழுதிய கேமரா வரிகளைத் திரும்பப் படித்தால் பாதிக்கு மேல் என் யோசனைகள்தான். "மனைவி முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள்" என்று ஒரு நாள் எழுதியிருக்கிறேன். கேமராவில் அது "மனைவி பேசாமல் துணி மடித்துக்கொண்டிருந்தாள்" என்று இருந்திருக்கும். கேட்டிருந்தால் பல்வலி என்று சொல்லியிருப்பாள். நடந்தது ஒன்று, அதைப் பற்றி நமக்குள் ஓடும் பேச்சு இன்னொன்று. இரண்டையும் பிரித்து எழுதப் பழகினால், பாதிச் சண்டை முனையத்திலேயே தீர்ந்துவிடுகிறது.

கேமரா வரியில் அடுத்தவரின் எண்ணத்தை நீங்கள் ஊகித்து எழுதிவிட்டால், அடித்துவிட்டு மறுபடி எழுதுங்கள். அடித்தது தெரியட்டும், கிழிக்க வேண்டாம். எதை ஊகிக்கிறோம் என்பதும் நம்மைப் பற்றிய செய்திதான். என் நோட்டில் அடிபட்ட வரிகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும்: என்னை மதிக்கவில்லை, என்னை மதிக்கவில்லை.

மூன்றாவது வரி, அந்த எட்டில் ஒரு பெயர். இரண்டு கலந்திருந்தால் இரண்டையும் எழுதலாம். 'கடுப்பு', 'டென்ஷன்' என்று எழுதக் கூடாது. அந்தச் சொற்களுக்குள் எதுவும் நுழைந்துகொள்ளும். பிற்பாடு பலதுறைத் தொழிற்கல்லூரியில் உளவியல் படித்த என் மகள் ஒரு விஷயம் சொன்னாள். அமெரிக்காவில் மேத்யூ லீபர்மன் என்பவரும் அவர் குழுவினரும் 2007இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்களாம். கோபமோ பயமோ தெரியும் முகப் படத்தைப் பார்ப்பவர், அந்த உணர்ச்சிக்கு உரிய சொல்லைத் தேர்ந்தெடுக்கும்போது, மூளையில் அபாயத்துக்குத் துள்ளும் அமிக்டலா என்ற பகுதியின் வேகம் குறைகிறது. "அப்பா, நீங்க சார் கொடுத்த பேப்பரை வச்சு அதைத்தான் செஞ்சிட்டு இருக்கீங்க" என்றாள். அந்த ஒரு வாக்கியத்துக்காக நான் எத்தனை நோட்டு வேண்டுமானாலும் எழுதுவேன்.

பெயர் வைத்த பிறகு என்ன செய்வது? இங்கேதான் சரியான பெயரின் பயன் தெரியும். ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு கவனிப்பு வேண்டும்.

இளிவரலுக்கு ஆறவிட்டால் மட்டும் போதாது, யாரிடமாவது சொல்ல வேண்டும். ஒருவரிடம் சொன்னால் போதும். அன்று நான் வீட்டுக்கு வந்து, "இன்றைக்கு என்னைக் கிழவன் என்று சொல்லிவிட்டார்கள்" என்று மனைவியிடம் சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். பதினோரு நாள் கழித்து அதை மகளிடம் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். அவள் அழுதாள், நானும் அழுதேன்.

அச்சத்துக்குத் தகவல் வேண்டும். ஒரு கட்டத்தில் என் நோட்டில் ஐந்து வாரத்துக்குள் பதினான்கு முறை 'அச்சம்' வந்திருந்தது. எல்லாம் கால் மரத்துப்போன நாட்கள், தண்ணீர் அதிகம் குடித்த நாட்கள். சர்க்கரை கூடியிருந்தால் வேலை போய்விடுமோ என்ற பயம். அதனால் பலதுறை மருந்தகம் என்ற அரசு மருத்துவ நிலையத்துக்குப் போகாமல் தள்ளிக்கொண்டே இருந்தேன். எண்ணிப் பார்த்த அன்றுதான் முன்பதிவு செய்தேன். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனையில் 7.4 விழுக்காடு வந்தது, சர்க்கரை கூடித்தான் இருந்தது. மாத்திரை, நடைப்பயிற்சி, பாலும் சர்க்கரையும் இல்லாத 'தே ஓ கோசோங்' தேநீர். வேலை போகவில்லை. தெரியாததைப் பற்றிய பயத்துக்கு மருந்து, தெரிந்துகொள்வதுதான்.

வெகுளி உண்மையாகவே வெகுளியாக இருக்கும் நாளும் உண்டு. எங்கள் சக ஓட்டுநர் ஒருவரை ஒரு பயணி சட்டையைப் பிடித்து இழுத்த அன்று எனக்கு வந்தது அதுதான். அதை அடக்கத் தேவையில்லை. ஒரு இரவு தள்ளிப்போட்டு, மறுநாள் தெளிவாக எழுதி மேலதிகாரியிடம் கொடுத்தேன்.

அழுகையைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கோவிட் பரவியதால் 2020 மார்ச் 18இல் மலேசியா எல்லையை மூடியது. ஜூன் மாதம் குளுவாங்கில் என் அம்மா இறந்துபோனார். எங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னலில் நின்றால் எல்லைக்கு அப்பால் மலேசியாவின் ஜொகூர் பாரு கட்டடங்கள் தெரியும். கடற்பாலம் ஒரு கிலோமீட்டர் சொச்சம்தான். போக முடியவில்லை. அண்ணன் கைப்பேசியைப் பிடித்துக் காட்ட, அம்மாவைத் திரையில் பார்த்தேன். மூன்றாம் நாள் வேலைக்குப் போனேன். அடுத்த ஒன்பது நாள் நோட்டில் வரிசையாக வெகுளி, வெகுளி என்றே இருக்கிறது. சைக்கிள்காரர் மேல், முகக்கவசத்தைக் கீழே இறக்கியவர் மேல், வீட்டில் எல்லார் மேலும். ஆனால் கேமரா வரிகளில் ஒன்றுமே நடக்கவில்லை. சாரிடம் நோட்டைக் காட்டினேன். அழுகைக்கான நான்கு காரணங்களை மட்டும் சொன்னார்: இளிவு, இழவு, அசைவு, வறுமை.

இழவு என்ற சொல்லைச் சின்ன வயதிலிருந்து திட்டாகவே கேட்டு வளர்ந்தவன் நான். அது இழத்தல் என்ற சொல் என்று அந்தக் கல்மேசையில்தான் எனக்கு உறைத்தது.

மகள் அப்போது கல்லூரியில் முதலாம் ஆண்டு. ஜேம்ஸ் பென்னபேக்கர், சாண்ட்ரா பீல் என்ற இருவர் 1986இல் வெளியிட்ட சோதனையைப் பற்றிச் சொன்னாள். மாணவர்களைத் தொடர்ந்து நான்கு நாள், நாளுக்குக் கால் மணி நேரம், மனத்தை மிகவும் பாதித்த ஒன்றைப் பற்றி எழுதச் சொன்னார்களாம். எழுதிய அன்று மனம் இன்னும் கனத்தது. ஆனால் பின்வந்த மாதங்களில், நடந்ததையும் உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாகவே மருத்துவரிடம் போனார்கள். நான் நான்கு இரவு சமையலறையில் உட்கார்ந்து எழுதினேன். அம்மா பால் மரம் வெட்ட விடியற்காலை நான்கு மணிக்கு எழுவார். நானும் காலை வேலைக்கு அதே நேரத்தில்தான் எழுகிறேன். அதை எழுதும்வரை அது எனக்குத் தெரியாது. இரண்டாம் இரவு எழுதி முடித்துவிட்டு நன்றாக அழுதேன். நீங்களும் இப்படி எழுதுவதாக இருந்தால், மறுநாள் விடுமுறையாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். எழுதி முடித்ததும் தனியாக இருக்க வேண்டாம்.

'நினைக்காதே, நினைக்காதே' என்று மனத்தை விரட்டுவது மட்டும் வேண்டாம். அதையும் நான் செய்து பார்த்திருக்கிறேன். வெள்ளைக் கரடியை நினைக்காதே என்று சொன்னால் வெள்ளைக் கரடிதான் வரும் என்று உளவியலாளர் டேனியல் வெக்னர் 1987இலேயே காட்டிவிட்டார். "வந்துவிட்டாயா, முனையத்தில் எழுதுகிறேன், இரு" என்று எண்ணத்துக்குச் சொல்லிவிட்டு சாலையைப் பார்ப்பது எனக்கு உதவுகிறது. சொன்னபடி எழுதவும் வேண்டும்.

மாதக் கடைசி ஞாயிறு கோப்பிக் கடையில் உட்கார்ந்து பெயர்களை எண்ணுவேன். எந்தப் பெயர் எத்தனை முறை, எந்த நேரத்தில், யார் பக்கத்தில் இருக்கும்போது. மாலை நான்கிலிருந்து ஆறுவரை எனக்கு இளிவரல் குவிந்து கிடந்தது. அந்த நாட்களில் பெரும்பாலும் மதியம் சரியாகச் சாப்பிட்டிருக்கவில்லை. இப்போது இரண்டு மணிக்கு ஒரு டப்பா சுண்டல். எண்ணாமல் இருந்திருந்தால் இதை மனிதர்களின் குற்றமாகவே நினைத்துக்கொண்டிருப்பேன்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் இல்லை, எதிலும் பிடிப்பு இல்லை என்றால் நோட்டோடு நிற்காதீர்கள். மருத்துவரைப் பாருங்கள். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் உடனே 1767க்கு அழையுங்கள். சிங்கப்பூர் அபய ஆலோசனைச் சங்கத்தின் எண், இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள்.

முதல் வருடம் நான் செய்த பெரிய தவறு, கசப்பானதை மட்டும் எழுதியது. சார் நோட்டைப் புரட்டிவிட்டு, "எட்டில் நாலைந்துதான் இருக்கிறது, மீதி எங்கே தம்பி?" என்று கேட்டார். பெருமிதம், நகை, மருட்கை, உவகை ஆகியவற்றுக்கும் உடம்பு உண்டு, கேமரா வரி உண்டு. உவகைக்கான நான்கில் ஒன்று விளையாட்டு. அதையும் தேடி எழுதுங்கள். போன செவ்வாய்க்கிழமை என் நோட்டில் இருப்பது இது:

உடம்பு: தோள் லேசு. கேமரா: பள்ளிப் பையோடு ஏறிய சின்னப் பையன், இறங்கும்வரை நான் ஸ்டியரிங் திருப்புவதைப் பார்த்துத் தானும் காற்றில் திருப்பிக்கொண்டிருந்தான். பெயர்: உவகை.