ஓய்வு, ஆயுள், மனநிறைவு: ஆய்வுச் செய்திகளை வாசிக்கையில் சறுக்கும் இடங்கள்

"சீக்கிரம் ஓய்வு பெற்றால் ஆயுள் குறையும்" என்று ஒரு செய்தி வரும். மறுவாரமே "சீக்கிரம் ஓய்வு பெற்றவர்கள் நீண்ட நாள் இருக்கிறார்கள்" என்று இன்னொன்று. இரண்டுமே ஒழுங்கான ஆய்விலிருந்து வந்திருக்கலாம். கோளாறு பெரும்பாலும் நாம் வாசிக்கும் விதத்தில்தான்.

அடிக்கடி நடக்கும் தவறு, ஓய்வு பெற்றவர்களையும் இன்னும் வேலையில் இருப்பவர்களையும் அப்படியே ஒப்பிடுவது. வயது வருமுன்பே வேலையை விட்டவர்களில் பலர் மூட்டுவலி, இதய நோய் என்று முடியாமல் விட்டவர்கள். அவர்கள் உடல்நிலையைக் காட்டி "பார், ஓய்வு கெடுத்துவிட்டது" என்றால், அது காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைகூட இல்லை. விழுந்து கிடந்த பழத்தின் மேல் காக்கை வந்து உட்கார்ந்த கதை. இதனால்தான் பொருளியலாளர்கள் சட்டம் மாறிய தருணங்களைத் தேடிப் போகிறார்கள். ஓர் ஆண்டில் பிறந்தவர்களுக்கு ஓய்வூதிய வயது 60, அடுத்த ஆண்டில் பிறந்தவர்களுக்கு 61 என்றால், மற்றபடி இரு சாராரும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். அவர்களுக்குள் தெரியும் வேறுபாட்டை ஓரளவு துணிந்து ஓய்வின் கணக்கில் எழுதலாம்.

அப்படிக் கவனமாகச் செய்தாலும் ஒரே விடை வருவதில்லை. ஆஸ்திரியாவில் எஃகுத் தொழில் நொடித்தபோது, 1988 முதல் சில வட்டாரங்களில் வயதான தொழிலாளர்களுக்கு வேலையின்மை உதவித்தொகை நீட்டிக்கப்பட்டது. அதன் வழியாகச் சீக்கிரம் வெளியேறிய ஆண் தொழிலாளர்களிடம் அகால மரணம் கூடியது. பெண்களிடம் அந்த விளைவு தெரியவில்லை. நெதர்லாந்திலோ 2005-இல் அரசு ஊழியர்களுக்கு முன்கூட்டியே ஓய்வு பெறும் வாய்ப்பு தரப்பட்டபோது, ஆண்களின் இறப்பு அடுத்த ஐந்தாண்டுகளில் குறைந்தது. எந்த வேலையிலிருந்து, எந்த நிலையில், யார் போனார்கள் என்பதை விட்டுவிட்டுத் தலைப்பை மட்டும் பிடித்துக்கொள்வது இரண்டாவது தவறு.

மனநிறைவைப் பற்றிய ஆய்வுகளில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். ஜெர்மனியில் 1984 முதல் ஒரே குடும்பங்களை ஆண்டுதோறும் சந்தித்து, வாழ்க்கையில் எவ்வளவு திருப்தி என்று 0 முதல் 10 வரை மதிப்பெண் கேட்கிறார்கள். விரும்பி ஓய்வு பெற்றவர்களுக்கு ஓய்வு நேரத்தில் திருப்தி ஏறுகிறது, வருமானத்தில் இறங்குகிறது; கூட்டிக் கழித்தால் மொத்தத்தில் பெரிய மாற்றமில்லை. விருப்பமில்லாமல் அனுப்பப்பட்டவர்களுக்கோ மொத்தமே சரிகிறது. இரண்டையும் கலந்து ஒரு சராசரி எடுத்தால், அது யாருடைய கதையும் இல்லை.

அதே தரவில் எனக்கு மிகவும் பிடித்த முடிவு ஒன்று உண்டு. வேலையில்லாமல் இருந்தவர்கள் ஓய்வூதியத்துக்கு மாறிய உடனே திருப்தி தாவி ஏறுகிறது. நேற்றும் வேலை இல்லை, இன்றும் இல்லை. மாறியது பெயர்தான்: 'வேலையில்லாதவர்' போய் 'ஓய்வு பெற்றவர்' ஆகிவிட்டார். பணக்கணக்கை மட்டும் பார்ப்பவர் கண்ணில் இது படவே படாது.

எப்போது கேட்டார்கள் என்பதும் முக்கியம். முதல் சில மாதங்களின் உற்சாகத்தை நிரந்தரம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. போதாக்குறைக்கு, பல நாடுகளில் நாற்பதுகளின் பிற்பகுதியில் அடிமட்டத்தைத் தொடும் திருப்தி பிறகு தானாகவே ஏறுகிறது. அந்த ஏற்றத்தையும் ஓய்வின் பெயரில் வரவு வைத்துவிடுகிறோம்.

ஓய்வுக்குப் பின் உணவுச் செலவு குறைவதைக் கண்டு "பாவம், சாப்பாட்டுக்கே திண்டாட்டம்" என்பதும் அவசரம். அமெரிக்கத் தரவை வைத்துப் பொருளியலாளர்கள் அகியாரும் ஹர்ஸ்ட்டும் 2005-இல் காட்டியபடி, செலவு குறைந்ததே தவிர உண்ணும் உணவின் அளவும் தரமும் குறையவில்லை. கையில் நேரம் இருப்பதால் விலை பார்த்து வாங்கி, தாங்களே சமைத்துக்கொள்கிறார்கள்.

கொள்கை வகுப்பவர்களையே ஏமாற்றிய எண்ணம் ஒன்று இன்னும் பாக்கி: முதியவர்கள் விலகினால் இளைஞர்களுக்கு இடம் கிடைக்கும் என்பது. வேலைகள் எண்ணி வைத்த நாற்காலிகள் என்று நினைத்தால்தான் இது சரி. பொருளியலாளர்கள் குரூபரும் வைஸும் தொகுத்து 2010-இல் வெளியான 12 நாடுகளின் ஆய்வில், முதியவர்களை முன்கூட்டியே அனுப்பியதால் இளைஞர் வேலைவாய்ப்பு கூடியதற்குச் சான்று கிடைக்கவில்லை. பல நாடுகளில் இருவரின் வேலைவாய்ப்பும் சேர்ந்தே ஏறி, சேர்ந்தே இறங்கியிருந்தது.