பட்டம் முடித்தபின் கிராஃபிக் டிசைன்: முதல் ஓராண்டை எப்படித் திட்டமிடுவது

பி.காம், பொறியியல், விஸ்காம் என எதைப் படித்திருந்தாலும், டிசைனர் வேலைக்குப் போனால் முதலில் கேட்பது "என்னென்ன செஞ்சு வெச்சிருக்கீங்க, காட்டுங்க" என்றுதான். ஆகவே பட்டம் வாங்கிய பிறகான முதல் ஓராண்டை, காட்டத் தகுந்த பத்து வேலைகளைச் சேர்க்கும் காலமாக வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் வேலை தேடுபவர் அந்தப் பத்தில் இரண்டு விஷயங்களைச் சுத்தமாகச் செய்திருந்தாலே தனியாகத் தெரிவார். ஒன்று, தமிழ் எழுத்தைப் பிழையில்லாமல் அமைப்பது. இன்னொன்று, அச்சகம் திருப்பி அனுப்பாத பைலைக் கொடுப்பது. யூடியூப் பாடங்கள் பெரும்பாலும் இவை இரண்டையும் தொடுவதே இல்லை.

முதலில் ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். விளம்பர நிறுவனம், பேக்கேஜிங், பத்திரிகை லேஅவுட், சமூக ஊடகப் போஸ்டர், செயலி வடிவமைப்பு எல்லாமே டிசைன்தான். ஆனால் கேட்கும் மாதிரிகள் வேறு வேறு. ஆறு மாதத்துக்கு ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்வது நல்லது. சிவகாசிப் பக்கம் காலண்டர், டைரி வேலைக்குப் போக நினைப்பவர்கள் காலத்தையும் கவனிக்க வேண்டும். அடுத்த ஆண்டுக் காலண்டர் ஆல்பங்கள் ஆடிப்பெருக்கையொட்டி வெளியாகிவிடும். புது டிசைன்களுக்கான தேவை அதற்கு முந்தைய மாதங்களில்தான். டிசம்பரில் போய்க் கேட்டால் அங்கே அச்சும் பேக்கிங்கும்தான் நடந்துகொண்டிருக்கும்.

மென்பொருளில் அதிகம் குழம்ப வேண்டாம். ஏஜென்சி என்றால் இல்லஸ்ட்ரேட்டர், போட்டோஷாப், இன்டிசைன். ஊர் அச்சகம் என்றால் கோரல்டிரா தெரியாமல் முடியாது. செயலி வடிவமைப்புக்கு ஃபிக்மா. சந்தா கட்டப் பணமில்லாவிட்டால் இங்க்ஸ்கேப், ஸ்கிரைபஸ் இரண்டும் இலவசம். யூனிகோட் தமிழும் அவற்றில் ஒழுங்காக வரும்.

தமிழ் எழுத்து

போட்டோஷாப்பில் "கெ" என்று அடித்தால் ஒற்றைக்கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கிறதா? எழுத்துருவில் குறையில்லை. மென்பொருளின் எழுத்து எஞ்சின் ஆங்கிலத்துக்கு மட்டும் அமைக்கப்பட்டிருக்கிறது. போட்டோஷாப்பின் பழைய பதிப்பு என்றால் டைப் அமைப்பில் 'வேர்ல்டு-ரெடி லேஅவுட்' என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் புதிய பைல் திறக்க வேண்டும். இன்டிசைனில் பாரா அமைப்பில் 'வேர்ல்டு-ரெடி பாராகிராஃப் கம்போசர்'. இல்லஸ்ட்ரேட்டரில் முதலில் இந்திய மொழி விருப்பங்களைக் காட்டும்படி டைப் அமைப்பில் டிக் செய்துவிட்டு, பிறகு தெற்காசிய கம்போசரைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அடுத்தது வரி இடைவெளி. ஆங்கிலத்துக்கு மென்பொருள் தானாக வைப்பது எழுத்தளவில் 120 சதவீதம். தமிழில் மேலே "கீ", "றி" எழும்பும், கீழே "கு", "மூ" இறங்கும். 120 வைத்தால் இரண்டு வரிகள் ஒன்றையொன்று முட்டும். 140 முதல் 150 சதவீதம் வரை வைத்துப் பாருங்கள். ஆங்கிலத் தலைப்புகளில் செய்வதுபோல் எழுத்துகளுக்கு இடையே டிராக்கிங் (இடைவெளி) கூட்டவும் வேண்டாம். துணைக்காலும் கொம்பும் எழுத்தை விட்டு விலகி நின்று, படிப்பவர் தடுமாறுவார். தமிழ்த் தலைப்பு பெரும்பாலும் ஆங்கிலத்தைவிட நீளமாக வரும் என்பதால், அகலம் குறைந்த வடிவமும் உள்ள எழுத்துருவைக் கையில் வைத்திருங்கள். கூகுள் ஃபான்ட்ஸில் கிடைக்கும் அனெக் தமிழில் தடிமனையும் அகலத்தையும் தனித்தனியே மாற்றலாம். முக்த மலர், ஹிந்த் மதுரை, நோட்டோ சான்ஸ் தமிழ் ஆகியவையும் அங்கேயே இலவசமாகக் கிடைக்கின்றன. வணிக வேலைகளுக்கும் பயன்படுத்தலாம்.

வாடிக்கையாளர் தரும் மேட்டர் பல நேரம் பாமினி என்ற, யூனிகோட் அல்லாத பழைய எழுத்துருவில் இருக்கும். யூனிகோட் எழுத்துருவுக்கு மாற்றியதும் எல்லாம் ஆங்கில எழுத்துக் குவியலாகிவிடும். கன்வெர்ட்டரில் போட்டு மாற்றலாம். ஆனால் மாற்றிய பிறகு ஒருமுறை முழுதும் படிக்காமல் பயன்படுத்தக் கூடாது. தட்டச்சு செய்தவர் ரகரத்துக்குப் பதில் துணைக்காலைப் போட்டிருந்தால் பழைய எழுத்துருவில் சட்டென்று கண்ணில் படாது. யூனிகோடில் சொல்லே உடைந்து நிற்கும். கல்யாணப் பத்திரிகையில் பெரியவர் ஒருவர் பெயர் இப்படி உடைந்தால் அச்சடித்த அத்தனையும் வீண்.

அச்சுக்குப் போகும் பைல்

விசிட்டிங் கார்டு 3.5 × 2 அங்குலம், அதாவது சுமார் 89 × 51 மில்லிமீட்டர். நான்கு பக்கமும் 3 மி.மீ. ப்ளீட் (வெட்டுக் கோட்டுக்கு வெளியே நீளும் பின்னணி) சேர்த்து 95 × 57 என்று பைல் அமையுங்கள். எழுத்து, லோகோ எதுவும் வெட்டு விளிம்புக்கு 4 மி.மீ. உள்ளேயே நிற்கட்டும். கட்டிங் மெஷினில் தாள்கட்டு சற்று நகர்வது சகஜம். ப்ளீட் இல்லாவிட்டால் ஓரத்தில் வெள்ளைக் கோடு விழும்.

சின்ன எழுத்தின் கறுப்பு, கறுப்பு மை 100 சதவீதம் மட்டுமாக இருக்க வேண்டும். ஆர்ஜிபி (திரைக்கான வண்ண முறை) கறுப்பை அச்சு வண்ணத்துக்கு அப்படியே மாற்றினால் அது நான்கு மைகளிலும் பிரிந்துவிடும். பிளேட் ஒரு மயிரிழை விலகினாலும் எழுத்தைச் சுற்றிச் சிவப்போ நீலமோ நிழல் தட்டும்.

படங்களுக்கு 300 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய போட்டோ பெரும்பாலும் நீள்பக்கம் 1600 பிக்சலாகச் சுருங்கி வரும். 300இல் அது 13.5 செ.மீ.தான், ஏ4 அகலத்துக்கே 2480 பிக்சல் வேண்டும். டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். ஃப்ளெக்ஸுக்கு இந்தக் கணக்கு வேண்டாம். தூரத்திலிருந்து பார்ப்பது என்பதால் 10 × 6 அடிக்கு முழு அளவில் 72 டிபிஐ போதும்: 8640 × 5184 பிக்சல்.

கடைசியாக எழுத்துகளைக் கர்வ்ஸாக (எழுத்துரு தேவைப்படாத வரைவடிவமாக) மாற்றி பிடிஎஃப் எடுங்கள். மாற்றுவதற்கு முன் வேறு பெயரில் ஒரு பிரதி சேமித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் போன் நம்பரில் ஓர் எண்ணை மாற்றக்கூட முழு வேலையையும் மறுபடி செய்ய வேண்டிவரும்.

போர்ட்ஃபோலியோ

எட்டு முதல் பத்து வேலைகள், 10 எம்பிக்குள் ஒரு பிடிஎஃப், கூடவே டிசைனர்கள் வேலைகளைக் காட்டும் பிஹான்ஸ் தளத்தில் ஒரு பக்கம். டெம்ப்ளேட்டில் பெயர் மாற்றியது, பாடத்தைப் பார்த்து அப்படியே செய்தது, பிரபல பிராண்டின் லோகோவைச் சும்மா மாற்றி வரைந்தது ஆகியவற்றை எடுத்துவிடுங்கள். நேர்காணல் எடுப்பவருக்குப் பார்த்ததுமே தெரியும். தெருமுனை மாவுக் கடைக்குச் செய்த பாக்கெட் அதைவிட நன்றாகப் பேசும். என்ன தேவை இருந்தது, பென்சிலில் என்ன முயன்றீர்கள், கடைசியில் எது அச்சானது என்று மூன்று படங்களில் காட்டுங்கள். பாக்கெட்டைக் கையில் பிடித்து எடுத்த போட்டோ ஒன்று, கணினியில் செய்த மாதிரிப் படம் (மாக்அப்) ஐந்துக்குச் சமம்.

மேற்படிப்பு யோசிப்பவர்களுக்கு இரண்டு முக்கிய வழிகள்: ஐஐடிகளின் எம்.டெஸ் (முதுநிலை டிசைன்) படிப்புக்கு, ஐஐடி பம்பாய் நடத்தும் சீட் (CEED) தேர்வு. அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனமான என்ஐடிக்கு (NID) அதன் டாட் (DAT) தேர்வு. சீட் வழக்கமாக ஜனவரியில் நடக்கும். மூன்றாண்டுப் பட்டம் போதும், வயது வரம்பில்லை, மதிப்பெண் ஓராண்டு செல்லும். வரைதலும் சிந்தனையும்தான் சோதிக்கப்படும்; போட்டோஷாப் அங்கே உதவாது.

கூலியும் கையெழுத்தும்

தனியாக வேலை எடுப்பவர் பக்கத்து டிசைனரின் ரேட்டைப் பார்த்து விலை சொல்லக் கூடாது. மாதம் 25,000 ரூபாய் தேவை என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 நாள், நாளுக்கு 4 மணி நேரம்தான் காசு வரும் வேலை. மற்ற நேரம் போனிலும் கரெக்‌ஷனிலும் போய்விடும். 80 மணிக்கு வகுத்தால் மணிக்குச் சுமார் 313. மென்பொருள், கரன்ட், வேலை இல்லாத மாதம் எல்லாம் சேர்த்தால் 400க்குக் கீழே இறங்க முடியாது. பாதித் தொகை அட்வான்ஸ், இரண்டு முறை திருத்தம், அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம் என்பதை வேலை தொடங்கும் முன்பே வாட்ஸ்அப்பிலாவது எழுதிவிடுங்கள். அச்சுக்கு அனுப்பும் முன் "ப்ரூஃப் பார்த்துவிட்டேன், ஓகே" என்று வாடிக்கையாளர் கையால் ஒரு செய்தி வாங்குங்கள்.

லோகோவின் உரிமையையும் தெரிந்துகொள்ள வேண்டும். சம்பளத்துக்கு இருக்கும்போது வேலையின் பகுதியாக வரைந்தது, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் நிறுவனத்துக்குச் சொந்தம். தனியாக எடுத்துச் செய்த லோகோவின் பதிப்புரிமை, பணம் வந்துவிட்டாலும், பொதுவாக வரைந்தவரிடமே இருக்கும். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி அதை மாற்றிக்கொடுக்க எழுத்தும் கையெழுத்தும் வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா என்றும் கொள்ளப்படும். எனவே பில்லோடு ஒரு தாள் இணையுங்கள்: எந்த லோகோ, எவ்வளவு காலத்துக்கு, எங்கெல்லாம், சோர்ஸ் பைல் (திருத்தக்கூடிய மூலப் பைல்) சேர்த்தா இல்லையா, உங்கள் போர்ட்ஃபோலியோவில் காட்டலாமா.